பிளேன் நின்னுபோச்சு... சேதராப்பட்டுக்கு என்ன?

பாண்டின்னு சொன்னதுமே உங்க மண்டைக்குள்ள என்ன ஓடும்னு தெரியும் பாஸ்! ராக் பீச், மஞ்சள் சுவர் வீடுகள், வாடகை சைக்கிள், அப்புறம்... வேண்டாம், வீட்ல யாராவது இந்தப் பக்கத்தைப் படிச்சுடப் போறாங்க. இந்த வாரம் நாம போறது அந்தப் பாண்டிக்கு இல்லை. ஊருக்கு வடமேற்கே, மயிலம் ரோட்டில், லாரி ஹாரனும் லேத் சத்தமுமா இருக்கிற சேதராப்பட்டுக்கு!

"அங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னுதானே கேக்கறீங்க. கோட்டை இல்லை, அருவி இல்லை. 'பிப்டிக்' தொழிற்பேட்டை இருக்கு. வரிசையா கம்பெனி கேட், ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு செக்யூரிட்டி, எதிரே ஒரு டீக்கடை. கொஞ்ச தூரத்தில் ஊசுட்டேரி. பாதி ஏரி புதுச்சேரிக்கு, மீதி தமிழ்நாட்டுக்கு. குளிர்காலத்தில் வெளிதேசத்துப் பறவைகள் வந்து இறங்குற சரணாலயம். சேதராப்பட்டைத் தாண்டி இன்னும் போனா திருவக்கரை. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கிற பூங்கா அங்கேதான். இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான அயிட்டங்கள். ஆனா நான் வந்த வேலை வேற.

ஒரு விமானக் கம்பெனி திடீர்னு பறக்கறதை நிறுத்திட்டா யாரெல்லாம் நடுவழியில் நிப்பாங்க? இந்தக் கேள்வியோட கிளம்புற எல்லாரும் ஏர்போர்ட்டுக்குத்தான் போவாங்க. டிராலி மேல தலை வெச்சுத் தூங்குற குடும்பம், கவுன்டரில் கத்துற அங்கிள், அழுவுற குழந்தை... டி.வி-யில் இதை நிறையப் பார்த்தாச்சு. பிளேன் ஏறாதவனும் நடுவழியில் நிக்கிறான், அவனை யாரும் படம் பிடிக்கறதில்லை. அதுக்குத்தான் சேதராப்பட்டு.

இங்கேயிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் லாஸ்பேட்டை. அங்கே புதுச்சேரி விமான நிலையம். 'பாண்டியில ஏர்போர்ட்டா?'ன்னு கேட்கிற ஃப்ரெண்ட் உங்களுக்கும் இருப்பான். அவன் மேல தப்பில்லை. அந்த ஏர்போர்ட்டுக்கு பிளேன் வந்த கதையும் நின்ன கதையும் அப்படி!

2013 ஜனவரியில் புது டெர்மினல் கட்டி, ஸ்பைஸ்ஜெட்டின் புரொப்பெல்லர் விமானம் பெங்களூருவில் இருந்து வந்து இறங்கினது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. சுமார் ஒரு வருஷம். 2014 தொடக்கத்தில் நின்னுடுச்சு. 2015 ஏப்ரலில் ஏர் இந்தியாவின் அலையன்ஸ் ஏர் வந்தது. மறுபடி பெங்களூரு. அந்த வருஷம் முடியறதுக்குள்ளேயே டாட்டா. 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் திரும்ப வந்து ஐதராபாத்துக்குப் பறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா. 2022 மார்ச்சில் ஐதராபாத், பெங்களூரு ரெண்டுக்கும் மறுபடி ஆரம்பம். 2024 மார்ச் கடைசியில் மறுபடி நிறுத்தம். கம்பெனியே பணமில்லாமல் திணறிக்கிட்டு இருந்த காலம் அது. அப்புறம் ஒன்பது மாசம் அங்கே பயணிகள் விமானம் இல்லை. 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ, ஏ.டி.ஆர். 72 விமானத்தோட, அதே பெங்களூரு, அதே ஐதராபாத். காதலிச்சவங்க பிரேக்-அப் ஆகி ஒண்ணு சேர்ற மாதிரி, பதினோரு, பன்னிரண்டு வருஷத்துக்குள்ள எத்தனை தடவை!

ஏன் இப்படி? இன்ஜினீயரிங் படிக்கிறவன் கையில் கேள்வி கிடைச்சா முதலில் அளவைத்தான் பார்ப்பான். லாஸ்பேட்டை ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி ஜெட்டுகள் ஆள் ஏத்திக்கிட்டு ஒழுங்கா வந்து போக இது பத்தாது. எழுபது எண்பது பேர் உட்கார்ற புரொப்பெல்லர் விமானம்தான் வர முடியும். அந்த மாதிரி விமானம் வெச்சிருக்கிற கம்பெனிகளை இந்தியாவில் ஒரு கை விரலில் எண்ணிடலாம். அதில் ஒண்ணு 'போதும்'னு சொல்லிட்டா, அடுத்தவர் வர்ற வரைக்கும் ஊர் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்.

ஓடுதளத்தை நீட்ட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. நீட்டணும்னா நிலம் வேணும். நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப்போன வரைபடம் அப்படி. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை, தமிழ்நாட்டுக்குள்ள அங்கங்கே ஒட்டுப்போட்ட மாதிரி கிடக்குது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தாச்சு. ஆனா அந்தப் பழைய கோடு இன்னைக்கும் ஓடுதளத்தின் முனையில் வந்து நிக்குது. சேதராப்பட்டில் நின்னாலும் இதே கதைதான். இந்தப் பக்கம் புதுச்சேரி, கொஞ்சம் தள்ளி நடந்தா விழுப்புரம் மாவட்டம். மொபைல்காரன்கூடக் குழம்பிப்போவான்.

இந்த வியாதி பாண்டிக்கு மட்டும் இல்லை. நம்ம சேலத்தையே எடுத்துக்கோங்க. கிங்ஃபிஷர் கொஞ்ச காலம் பறந்துட்டு நிறுத்தினது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. சென்னைக்கு ஒரு மணி நேரம், மாம்பழக் கூடையோட போன சேலத்துக்காரங்க பெருமைப்பட்டாங்க. அதுவும் நின்னது. 2022-ல் அந்தக் கம்பெனியே பறக்கறதை விட்டது. சேலத்துக்கு அடுத்த பிளேன் 2023 அக்டோபரில்தான்!

'உடான்' திட்டத்தை மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி. ஆராய்ந்து 2023-ல் ஒரு அறிக்கை கொடுத்தாங்க. முதல் மூணு கட்டத்தில் ஒதுக்கின வழித்தடங்கள் 774. அதில் பறக்க ஆரம்பிச்சதே 371. மானியம் கிடைக்கிற மூணு வருஷத்தை முழுசா ஓட்டி முடிச்சது 112. மானியம் முடிஞ்ச பிறகும் 2023 மார்ச்சில் பறந்துக்கிட்டு இருந்தது 54. நம்ம செமஸ்டர் ரிசல்ட்டே பரவாயில்லைன்னு தோணுதில்ல? நூத்துக்கு ஏழு மார்க் பாஸ்!

சரி, இதனால சேதராப்பட்டுக்கு என்ன?

சாயங்கால ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க வெளியே வர்ற நேரம். மயிலம் ரோட்டோரக் கடையில் மசால் வடை போட்டுக்கிட்டு இருந்தாங்க. மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "பிளேன் பத்தியா? என்கிட்டயா? நான் ஏறினதே இல்லையே தம்பி"ன்னு சிரிச்சார். அப்புறம் அவரே, "ஆனா பிளேன் நின்னா எனக்குத் தெரியும்"னார்.

எப்படியாம்? மெஷின் ரிப்பேர் ஆனா பெங்களூருவில் இருந்து சர்வீஸ் இன்ஜினீயர் வரணும். பிளேன் இருந்தப்போ காலையில் போன் போட்டா மத்தியானம் ஸ்பானரோட நிப்பாராம். பிளேன் நின்ன பிறகு ராத்திரி பஸ். "அவரு வந்து சேர்ற வரைக்கும் மெஷின் நிக்கும். மெஷின் நின்னா ஓ.டி. நிக்கும். ஓ.டி. நின்னா எங்க வீட்ல சண்டை நிக்காது தம்பி!" பக்கத்தில் இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கலை. டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டு, "என் கதையைச் சொல்லவா?"ன்னார். முப்பது வயசு இருக்கும். ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடிச்சவர்.

சில வருஷத்துக்கு முன்னாடி வளைகுடாவில் ஒரு வேலைக்கு மும்பையில் டிரேட் டெஸ்ட். காலைல 9 மணிக்கு அங்கே இருக்கணும். டிரெயினில் போனா ரெண்டு நாள் லீவு போகுமேன்னு, வாழ்க்கையிலேயே முதல் தடவையா பிளேன் டிக்கெட். சென்னையில் இருந்து, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் காலையில். பாண்டியில் ஒரு ஏஜென்ட் மூலமா போட்டது. பணம் அக்கா கொடுத்தது.

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு லாக்கரில் இருந்து போனை எடுத்துப் பார்த்தா எஸ்.எம்.எஸ். 'உங்கள் விமானம் ரத்து. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கம்பெனியே மொத்தமா நிறுத்திடுச்சுங்கிறது மறுநாள் டீக்கடை டி.வி. பார்த்துத்தான் தெரியும். கம்பெனி பேரைக் கேட்டேன். "பேரு எதுக்கு தம்பி, போனது போச்சு"ன்னுட்டார்.

"வேற பிளேன் பார்க்கலையாண்ணே?"

"பார்த்தேன்ப்பா. நான் வாங்கின டிக்கெட்டு மாதிரி நாலு மடங்கு. ஒரு மாச சம்பளத்தை ஒரு சீட்டுக்குக் கொடுக்கறதா?"

தட்கல் முந்தின நாளே முடிஞ்சிருந்தது. சென்னைக்கு பஸ் பிடிச்சு, மத்தியான வண்டியில் அன்ரிசர்வ்ட் பெட்டி. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் சர்ட்டிஃபிகேட் பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு ராத்திரி. மும்பையில் இறங்கினப்ப மறுநாள் மத்தியானம். டெஸ்ட் முடிஞ்சிருந்தது. 'அடுத்த பேட்ச்சுக்குக் கூப்பிடறோம்'னாங்களாம். கூப்பிடலை.

"டிக்கெட் காசு?"

"ஏஜென்ட்டைக் கேட்டா, 'கம்பெனி எனக்குக் கொடுத்தா நான் உனக்குக் கொடுக்கறேன்'ங்கறான். அவனைச் சொல்லி என்ன பண்ண? அவன் பணமும் அவங்ககிட்டதான மாட்டியிருக்கு? அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுட்டேன்."

இதை அவர் சொன்ன விதத்தில் அழுகையெல்லாம் இல்லை. ஒரு பேரிங் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் வடை இறங்கலை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும் மக்களே. நாம டிக்கெட் வாங்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கோம். உண்மையில், அடுத்த மாசப் பயணத்துக்கு இன்னைக்கே காசு கட்டும்போது, அந்தக் கம்பெனிக்கு ஒரு மாசக் கடன் கொடுக்கறோம். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. நம்ம அக்கா, அப்பா கொடுத்த பணத்தில் அவங்க இன்னைக்கு எரிபொருள் போடறாங்க. கம்பெனி நல்லா ஓடுற வரைக்கும் இது நமக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கம்பெனியிடமோ பெரும்பாலும் சொந்த விமானம்கூட இருக்காது. எல்லாம் வாடகை! பேர் பெருசு, வண்டி அடுத்தவனது. வாடகை பாக்கி விழுந்தா விமானத்தின் சொந்தக்காரர் வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவார். நம்ம மதுரைக்காரர் ஆரம்பிச்சு, சென்னையை மையமா வெச்சு 2005-ல் கிளம்பின பாரமவுன்ட் ஏர்வேஸ் ஞாபகம் இருக்கா? எல்லா சீட்டும் பிசினஸ் கிளாஸ்னு அசத்தினவங்க. வாடகை விமானத் தகராறில் சிக்கி 2010-ல் நின்னுபோச்சு. எரிபொருளும் இப்படித்தான். கடன் ஏறினா எண்ணெய் கம்பெனிகள் 'ரொக்கம் கொடுத்தாத்தான் ஊத்துவோம்'னு சொல்லிடும். 2012 அக்டோபரில் சம்பளம் வராத இன்ஜினீயர்கள் வேலையை நிறுத்த, கிங்ஃபிஷர் தரையோட தரை. அந்த மாசம் 20-ம் தேதி லைசென்ஸும் சஸ்பெண்ட். 2019 ஏப்ரல் 17 ராத்திரி ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் அமிர்தசரஸில் இருந்து மும்பைக்குக் கிளம்பினது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பறந்த கம்பெனி!

2023 மே 2-ல் கோ ஃபர்ஸ்ட். 'எங்களால முடியலை'ன்னு தானாகவே கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் திவால் மனு கொடுத்தாங்க. மறுநாளில் இருந்து விமானம் இல்லை. 'மூணு நாள் ரத்து'ன்னு ஆரம்பிச்சு தேதியைத் தள்ளிக்கிட்டே போனாங்க. அது திரும்பப் பறக்கவே இல்லை. 2025 ஜனவரியில் சொத்தை வித்துக் கணக்கை முடிக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. காரணமா அவங்க சொன்னது இன்ஜின். அமெரிக்க நிறுவனமான பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் சரியில்லாமல், அவங்களோட ஏ320 நியோ விமானங்களில் ஏறக்குறைய பாதி தரையில் நின்னதாம். இன்ஜின் கம்பெனி அதை மறுத்தது. மெக்கானிக்கல் பசங்க இதை எக்ஸாமுக்குப் படிக்கலாம், ஆனா டிக்கெட் வாங்கினவனுக்கு எந்த கியர் தேய்ஞ்சா என்ன?

திவால் நடவடிக்கை ஆரம்பிச்சதும் சட்டம் ஒரு வேலி போட்டுடும். கம்பெனி மேல யாரும் புதுசா வழக்குப் போட்டு வசூல் பண்ண முடியாது. இருக்கிற சொத்தை வித்தா, முதலில் வழக்கு நடத்தின செலவு. அப்புறம் அடமானம் வெச்சுக் கடன் கொடுத்த பேங்க்கும் தொழிலாளர் பாக்கியும். அப்புறம் மற்ற ஊழியர்கள், ஜாமீன் இல்லாத கடன்காரர்கள், அரசாங்க வரி... இப்படிப் போய்க்கிட்டே இருக்கிற க்யூவோட வாலில், அந்த ஃபிட்டர் அண்ணன் மாதிரி ஆளுங்க நிக்கிறாங்க.

வெளிநாட்டில் எப்படின்னு பார்த்தா பொறாமைதான் வருது. 2017 அக்டோபர் 2-ல் பிரிட்டனின் மோனார்க் ஏர்லைன்ஸ் விழுந்தப்போ, அந்த நாட்டு விமானத்துறையே வேற விமானங்களை வாடகைக்கு எடுத்து, வெளியூரில் மாட்டின சுமார் 85,000 பேரை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2019 செப்டம்பர் 23-ல் தாமஸ் குக் கவிழ்ந்தப்போ சுமார் ஒன்றரை லட்சம் பேர். டூர் பேக்கேஜ் விக்கிற கம்பெனிகள் முன்கூட்டியே ஒரு பாதுகாப்பு நிதியில் பணம் கட்டணும்கிற ஏற்பாடு அங்கே உண்டு. நம்ம ஊர் விமான டிக்கெட்டுக்கு அப்படி ஒரு நிதி இல்லை. ஒரு டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் பிடிச்சாக்கூட வருஷத்துக்கு எவ்வளவு சேரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. யூசர் ஃபீ, அந்த ஃபீ, இந்த ஃபீன்னு பிடிக்கிறவங்களுக்கு இது மட்டும் ஏன் தோணலை?

உங்களில் பாதிப்பேர் கேம்பஸில் வேலை கிடைச்சு பெங்களூரு, புனேன்னு கிளம்பப்போறீங்க. அதனால, கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆயுதத்தைத் தெரிஞ்சுக்கோங்க. கம்பெனி உயிரோட இருந்து விமானத்தை மட்டும் ரத்து பண்ணினா, டி.ஜி.சி.ஏ. விதிப்படி மாற்று விமானம் இல்லைன்னா பணம் திரும்ப, ரெண்டில் ஒண்ணு உங்க உரிமை. 'கிரெடிட்ல வெச்சுக்கறோம், அடுத்த தடவை பறக்கலாம்'னு தேனொழுகப் பேசினா மயங்காதீங்க. பணமாத்தான் வேணும்னு கேளுங்க. கம்பெனியே படுத்துட்டா, கார்டில் கட்டினவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 'சேவை கிடைக்கலை'ன்னு பேங்க்குக்கு எழுதி சார்ஜ்பேக் கேட்கலாம். அதுக்கு நேர வரம்பு இருக்கு, ஆறு மாசம் கழிச்சு முழிச்சுக்கிட்டா வேலைக்காகாது. ஏஜென்ட் கையில் நோட்டா எண்ணிக் கொடுத்தவங்களுக்கு இந்த வழியும் கிடையாது. திவால் நடவடிக்கையைக் கவனிக்கிற அதிகாரிக்கு உரிமைகோரல் மனு போட்டுட்டு, க்யூவின் வாலில் காத்திருக்க வேண்டியதுதான். இன்டர்வியூ, எக்ஸாம், விசா மாதிரி தேதி மாறாத சமாசாரத்துக்குப் போறீங்கன்னா, கூடவே ஒரு டிரெயின் டிக்கெட்டும் போட்டு வெச்சுக்கோங்க. கேன்சல் பண்ணினா கொஞ்சம் காசுதான் போகும்.

'இப்பல்லாம் பெரிய கம்பெனிங்கதான் பறக்குது, அதெல்லாம் நிக்காது'ன்னு நினைக்கிறவங்களுக்கு 2025 டிசம்பரை ஞாபகப்படுத்தறேன். பைலட்டுகளுக்கான புது ஓய்வு விதிகளுக்கு ஏத்த மாதிரி ஆள் கணக்கு போடாமல் இண்டிகோ தடுமாறினது. டிசம்பர் 5-ம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல விமானங்கள் ரத்து. கம்பெனி மூடலை, ஆனா ஜனம் நடுவழியில் நின்னது நின்னதுதான். மத்தவங்க டிக்கெட் விலை ஏறின வேகத்தைப் பார்த்து, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபாய்னு ஆரம்பிச்சு அரசாங்கமே உச்சவரம்பு போட்டது. ரயில்வே கூடுதல் பெட்டி மாட்டினது. நாட்டில் பறக்கிற பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல ஒரே கம்பெனியில் பறந்தா இப்படித்தான். லாஸ்பேட்டைக்கு ஒன்பது மாசம் கழிச்சு பிளேனைக் கொண்டுவந்த கம்பெனியும் அதேதான்!

சேதராப்பட்டுக்கு இந்தக் 'காத்திருங்கள்' புதுசு இல்லை. 2000-களில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகுதுன்னு சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சுமார் 750 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்தது. வேலை வரும், கம்பெனி வரும், ஏர்போர்ட் பெருசாகும்னு பேச்சு. பல வருஷம் அந்த நிலம் புதர் மண்டிச் சும்மா கிடந்தது. நிலத்தைக் கொடுத்தவங்களுக்கு எஸ்.எம்.எஸ்.கூட வரலை.

"திரும்ப ஒரு தடவை மும்பை போவீங்களாண்ணே?"ன்னு ஃபிட்டர் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"போகாம? டெஸ்ட்டுக்கு இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. முன்கூட்டியே ஸ்லீப்பர் போடச் சொல்லியிருக்கேன், தங்கச்சி பையன் போன்ல போட்டுத் தர்றேன்னான். பிளேன்ல ஒரு தடவை ஏறணும் தம்பி, அது வேற. அதுக்கு வேலைக்குப் போற நாள் வேணாம். சும்மா ஒரு நாள் பெங்களூரு போயிட்டு வரணும். அன்னைக்கு நின்னாலும் எனக்கு ஒண்ணும் போகாதுல்ல?"

டீக்குக் காசு கொடுக்க விடலை. பஸ் வந்துடுச்சு.